வயரா, கியரா? பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில பழுது தேடுற முறை

ஆயக்குடின்னு சொன்னா நம்ம மாவட்டத்துல பாதிப் பேருக்குக் கொய்யா ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு அங்க நடக்கிற இலவச டிஎன்பிஎஸ்சி வகுப்பு ஞாபகம் வரும். மெக்கானிக்கல், ஈஈஈ படிக்கிற நமக்கு அங்க மூணாவதா ஒண்ணு இருக்கு: பழனி மலை அடிவாரத் தோட்டங்களுக்குப் போய் வர்ற பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி. வெயில் காலத்துல அந்த மண் பாதைக்கு எந்த வண்டியும் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில அப்படி இல்லை. யானை நடமாட்டம் இருக்கிற பக்கம், பொழுது சாஞ்ச நேரம், பின்சக்கரம் சேத்துல சுத்துது, குமிழைத் திருப்பினா முன்சக்கரம் இழுக்கலை, எஞ்சினை அணைச்சா திரும்ப செல்ஃப் எடுக்குமான்னு தெரியலை. இந்த நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

இந்த ரெண்டு கோளாறையும் நாம தனித்தனியா நினைக்கிறோம். செல்ஃப் எடுக்கலைன்னா எலக்ட்ரீசியன், ஃபோர் வீல் விழலைன்னா கியர்பாக்ஸ் மெக்கானிக். வயசான வண்டியில ரெண்டுக்கும் காரணம் ஒரே துருப்பிடிச்ச எர்த் போல்ட்டா இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க சாதாரண மல்டிமீட்டர் போதும், முதல் செமஸ்டர்ல படிச்ச ஓம் விதி போதும். ஆனா அளக்கிற விதம் சரியா இருக்கணும்.

ஏன் இப்படி ஆச்சு? பழைய மஹிந்திரா ஜீப்புல ஃபோர் வீல் டிரைவுக்குத் தரையில ஒரு கம்பி இருக்கும். கையால தள்ளுவோம், உள்ளே கியர் நகரும். விழலைன்னா கம்பியிலயோ கியர்லயோதான் கோளாறு. 1998-ல வந்த டாடா சஃபாரி, 2002-ல வந்த ஸ்கார்பியோ இவற்றோட ஃபோர் வீல் டிரைவ் மாடல்கள்ல அந்தக் கம்பிக்குப் பதிலா டேஷ்போர்டுல ஒரு குமிழ் வந்துச்சு. 2எச், 4எச், 4எல்னு மூணு நிலை. குமிழைத் திருப்பினா அது ஒரு கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்லும், யூனிட் டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல இருக்கிற ஒரு மோட்டாரைச் சுத்தும், மோட்டார் எந்த இடத்துல நிக்குதுன்னு ஒரு சென்சார் திருப்பிச் சொல்லும், அதுக்கப்புறம்தான் மீட்டர்ல லைட் எரியும். கை செஞ்ச வேலையை கரண்ட் செய்யுது. அதனால வயர்ல வர்ற நோய் கியர்ல வந்த நோய் மாதிரியே தெரியும். "டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கிப் பார்க்கணும்"னு யாராவது சொன்னா, அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் அளவெடுக்கக் கேளுங்க.

பேட்டரியில ஆரம்பிங்க. வண்டி சில மணி நேரம் சும்மா நின்ன பிறகு 12.6 வோல்ட் இருந்தா முழு சார்ஜ். 12.0-க்குப் பக்கத்துல வந்துட்டா கிட்டத்தட்ட காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழ போகக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள்ள இருக்கணும். அப்படியே மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாத்தி பேட்டரி மேலயே வைங்க. அரை வோல்ட்டைத் தாண்டினா ஆல்டர்னேட்டர்ல (பட்டறையில இன்னும் டைனமோன்னுதான் சொல்றாங்க) ஒரு டையோடு போயிருக்கலாம். அந்த டையோடு பகல்ல சார்ஜைக் குறைக்கும், ராத்திரி பேட்டரியைக் குடிக்கும். ரெக்டிஃபயர் பாடத்தை உருப்படியா பயன்படுத்த இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியலை.

இப்போ எர்த். இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. மீட்டரை ஓம்ல வச்சு, எர்த் வயரோட ரெண்டு முனையிலயும் தொட்டு, பீப் சத்தம் வந்ததும் "வயர் நல்லாருக்கு"ன்னு முடிவு பண்ணிடுவாங்க. பீப் சத்தத்துக்கு ஒரே ஒரு செம்பு இழை போதும். மத்த இழையெல்லாம் அறுந்து போயிருந்தாலும் பீப் வரும். கணக்கு போடுங்க: டீசல் எஞ்சினோட செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்குவோம். எர்த் பாதையில வெறும் 0.01 ஓம் கூடினா 2 வோல்ட் அங்கேயே போயிடும். ஆனா சாதாரண மீட்டரோட ரெண்டு வயரைச் சேர்த்துத் தொட்டாலே 0.2, 0.3 ஓம்னு காட்டும். நாம தேடுறது அதுல இருபதுல ஒரு பங்கு! ஓம்ல அது தெரியவே தெரியாது.

அதனால எதிர்ப்பை அளக்காதீங்க, கரண்ட் ஓடும்போது எவ்வளவு வோல்ட் தொலையுதுன்னு அளங்க. மீட்டரை டிசி வோல்ட்ல வைங்க. ஒரு முனை பேட்டரியோட மைனஸ் ஈயத் தூண்ல, கிளாம்புல இல்லை, தூண்லயே. இன்னொரு முனை எஞ்சின் பிளாக்குல, பெயின்ட் இல்லாத உலோகத்துல. நண்பர் ஒருத்தர் செல்ஃப் அடிக்கட்டும், நீங்க அந்த நேரத்து அளவைப் பாருங்க. ஃபேன், பெல்ட் பக்கம் கையும் துப்பட்டாவும் போகாம பார்த்துக்கங்க. 0.2 வோல்ட்டைச் சுத்தி இருந்தா சரி. 1 வோல்ட், 2 வோல்ட்னு காட்டினா அந்தப் பாதையை முனை முனையா நகர்த்தி அளங்க: தூணிலிருந்து கிளாம்பு, கிளாம்பிலிருந்து வயர், வயரிலிருந்து போல்ட், போல்ட்டிலிருந்து பிளாக். எந்த இடத்துல அளவு சட்டுன்னு ஏறுதோ அங்கதான் கோளாறு. கழட்டி, உப்புத்தாள் போட்டு, பளிச்சுனு ஆக்கி, இறுக்கி, மேல கொஞ்சம் வாசலின். இந்த வேலைக்கு ஆகிற செலவு ஒரு டீ, வடையைத் தாண்டாது.

மீட்டரே கையில இல்லைன்னா ஒரு வழி இருக்கு. ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் ஒண்ணை பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல மாட்டுங்க. செல்ஃப் உடனே சுறுசுறுப்பா சுத்தினா எர்த்துதான் குற்றவாளி.

பேட்டரி ரெண்டு மூணு நாள்ல தானா இறங்குதுன்னா அது வேற கதை. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்ட பிறகு ஓடுற கரண்ட் 50 மில்லிஆம்பியருக்குள்ள இருக்கணும். அதுக்கு ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான் செலவு. அதுவே அரை ஆம்பியர்னா ஒரு நாளைக்கு 12. 70 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு நாள்ல சுத்தமா காலி, செல்ஃப் அதுக்கு முன்னாடியே திணறும். எந்தச் சுற்றுன்னு தேட ஃபியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீங்க. தூங்கிட்டிருக்கிற யூனிட் அதுலயே முழிச்சுக்கும், அளவு குழம்பும். ஃபியூஸ் முதுகுல ரெண்டு சின்னப் புள்ளி உலோகம் தெரியும், அங்க மில்லிவோல்ட்ல தொட்டுப் பாருங்க. பூஜ்யம் இல்லாத எந்த ஃபியூஸ்லயும் கரண்ட் ஓடுதுன்னு அர்த்தம். பழைய வண்டியில முதல் சந்தேகம் எப்பவும் பின்னாடி சேர்த்த சமாச்சாரங்கள் மேலதான்: ஆம்ப்ளிஃபயர், அலாரம், கூடுதல் ஹாரன், யாரோ டேப் சுத்தி விட்ட ஃபாக் லாம்ப் வயர்.

ஃபோர் வீலுக்கு வருவோம். பேட்டரியும் எர்த்தும் தேறின பிறகுதான் இதைத் தொடணும், முன்னாடி இல்லை. அந்த மோட்டார் 15 ஆம்பியர் இழுக்குது, வழியில ஒரு பச்சை பூத்த கப்ளர்ல 0.2 ஓம் இருக்குதுன்னா 3 வோல்ட் தொலையும். மோட்டார் பாதி தூரம் போய் நின்னுடும், சென்சார் "இன்னும் வரலை"ன்னு சொல்லும், லைட் கண் சிமிட்டிக்கிட்டே இருக்கும்.

முதல்ல காது. சாவி ஆன், எஞ்சின் ஆஃப், சத்தமில்லாத இடம். ஒருத்தர் குமிழைத் திருப்ப, இன்னொருத்தர் வண்டிக்குப் பக்கத்துல குனிஞ்சு கேட்கட்டும். 'ர்ர்ர்' சத்தம் வந்து நின்னா மோட்டார் உயிரோட இருக்கு. சத்தமே இல்லைன்னா ஃபியூஸ், ரிலே, கப்ளர், குமிழ்னு பின்னோக்கிப் போங்க. 4எல் மட்டும் விழலைன்னா பதறாதீங்க. வண்டி நின்னிருக்கணும், நியூட்ரல்ல இருக்கணும் அல்லது கிளட்ச் மிதிச்சிருக்கணும்னு அந்த வண்டியோட கையேடு நிபந்தனை போட்டிருக்கும். கிளட்ச் பெடல்ல இருக்கிற ஒரு சின்ன சுவிட்ச் செத்துப் போனாக்கூட 4எல் வராது.

லைட் எரியுது, ஆனா முன்சக்கரம் இழுக்கலைன்னா? இங்க வழியை ரெண்டா வெட்டணும். சமதளத்துல நிறுத்தி, பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல் வச்சு, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை அணைச்சு, 4எச்-ல விடுங்க. ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில தூக்கி, கீழ ஸ்டாண்டு கொடுங்க. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில யாரும் போக வேண்டாம். இப்போ தூக்கின சக்கரத்தைக் கையால சுத்துங்க. 4எச் உண்மையா விழுந்திருந்தா அது அசையாது. ஏன்னா இன்னொரு முன்சக்கரம் தரையில நிக்குது, அதனால டிஃப்ரன்ஷியல் வழியா முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுத்தியாகணும், ஷாஃப்டோ பின்சக்கரத்தோட பூட்டப்பட்டிருக்கு. சக்கரம் சுலபமா சுத்தினா எங்கயோ இணைப்பு விட்டிருக்கு. இப்போ ஷாஃப்டைக் கையால சுத்திப் பாருங்க. ஷாஃப்ட் இறுகியிருந்து சக்கரம் மட்டும் சுத்தினா டிரான்ஸ்ஃபர் கேஸ் தன் வேலையைச் செஞ்சிருச்சு, கோளாறு முன் அச்சுல. ஷாஃப்டே தளர்வா சுத்தினா கோளாறு டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம். பத்து நிமிஷத்துல சந்தேகத்துல பாதி ஒழிஞ்சிருச்சு.

முன் அச்சுன்னு வந்தா சில வண்டிகள்ல இணைப்பைப் பூட்டுறது வாக்குவம். டீசல் எஞ்சின்ல அதுக்குன்னு தனி பம்ப் வேணும். பல வண்டிகள்ல அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரோட முதுகுலயே உட்கார்ந்திருக்கும், பிரேக் பூஸ்டருக்கும் அதுதான் மூச்சு. ஃபோர் வீல் விழலை, கூடவே பிரேக்கும் கொஞ்சம் கல்லாட்டம் இருக்குன்னா ரெண்டையும் சேர்த்து யோசிங்க. எஞ்சின் சூட்டுல வெந்து, கடினமாகி, வெடிச்ச ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் காரணமா இருக்கலாம். பிரேக் விஷயம்ங்கிறதால அதைச் சரி பண்ணாம வண்டியை மலைப்பக்கம் எடுக்காதீங்க.

எதிர்த்திசைப் புகாரும் வரும்: "ஃபோர் வீல்லிருந்து வெளிய வர மாட்டேங்குது." இதுல பாதி நேரம் பழுதே இல்லை. இந்த வண்டிகள்ல 4எச் போட்டா முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்துல சுத்தியாகணும், நடுவுல டிஃப்ரன்ஷியல் கிடையாது. ஆனா வளைவுல முன்சக்கரத்துக்குத் தூரம் அதிகம். ஸ்கார்பியோவோட வீல்பேஸ் 2.68 மீட்டர். பின் அச்சு 5 மீட்டர் ஆரத்துல கால் வட்டம் திரும்பினா 7.85 மீட்டர் போகும். பிதாகரஸ் போட்டா முன் அச்சோட ஆரம் 5.67, தூரம் 8.91. ஒரே திருப்பத்துல ஒரு மீட்டருக்கு மேல வித்தியாசம்! சேத்துல சக்கரம் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கும். தார் ரோட்டுல வழுக்க இடமில்லாம ஷாஃப்டும் கியரும் முறுக்கேறி, உள்ளே நகர வேண்டிய காலர் இறுகிக்கும். மோட்டார் எவ்வளவு தள்ளினாலும் வராது. அப்போ குமிழை 2எச்-ல வச்சு, நேரா சில மீட்டர் ரிவர்ஸ் போங்க. 'டக்'னு ஒரு சத்தம், லைட் அணையும்.

நேர் ரோட்டுலயும் முறுக்கு ஏறும், டயர் ஒரே மாதிரி இல்லைன்னா. முன்னாடி 375 மில்லிமீட்டர் ஆரம், பின்னாடி தேஞ்சு 370 இருந்தா ஒரு கிலோமீட்டருக்கு 13 மீட்டர் வித்தியாசம் வரும். "பின்னாடி ரெண்டு மட்டும் புதுசு போட்டுக்கலாம்"னு வீட்ல சொன்னா இந்தக் கணக்கைக் காட்டுங்க.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கப் போறீங்கன்னா ஆயில் பிளக்கையும் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில்ல நைசான சாம்பல் பசை இருந்தா தேய்மானம், பரவாயில்லை. விரல்ல குத்துற உலோகத் துணுக்கு வந்தா அப்போ மெக்கானிக் சொன்னது சரி, இறக்கித்தான் பார்க்கணும். எல்லாம் நல்லா இருந்தாலும் மாசத்துக்கு ஒரு தடவை மண் பாதையில கொஞ்ச தூரம் 4எச் போட்டு ஓட்டுங்க. வருஷம் முழுக்க அசையாம கிடக்கிற மோட்டார், ஐப்பசி மழையில கூப்பிட்டதும் எழுந்து வராது.