ஒரே வேதிப்பொருள், இரு வேறு விளைவுகள்: பொட்டாசியம் கால்வாய்களை ஆளும் ஏற்பிகள்

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலமும் மேல்நிலை வகுப்பில் நரம்புக் கட்டுப்பாடும் நடத்தும் ஆசிரியர்களுக்கு அசிட்டைல்கோலின் என்ற பெயர் புதிதல்ல. நரம்பு முனையிலிருந்து வெளிவந்து அடுத்த செல்லுக்குச் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அது தசையைச் சுருங்கச் செய்கிறது என்கிறோம். வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயத் துடிப்பு குறையும் என்றும் சொல்கிறோம். வேகஸ் நரம்பின் முனை வெளியிடுவதும் அதே அசிட்டைல்கோலின்தான். "ஒரே பொருள் கையை வேலை செய்ய வைக்குது, இதயத்தை மெதுவாக்குது. அது எப்படி சார்?" என்று என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். பாடநூலின் வரிகளுக்கு அடியில் இருக்கும் நல்ல கேள்வி இது. இதற்கான விடை வேதிப்பொருளில் இல்லை. அதை வாங்கிக்கொள்ளும் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளிலும், அந்த ஏற்பிகள் ஆட்டிவைக்கும் பொட்டாசியம் கால்வாய்களிலும் இருக்கிறது.

பொட்டாசியம் ஏன் முக்கியம்?

நரம்பு செல்லின் உள்ளே பொட்டாசியம் அயனிகள் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் அளவில் உள்ளன. வெளியே 4 அல்லது 5 மில்லிமோல்தான். சவ்வில் உள்ள பொட்டாசியம் கால்வாய் திறந்தால் அயனிகள் செறிவு குறைந்த வெளிப்பக்கம் நோக்கி நகரும். நேர்மின் அயனிகள் வெளியேறுவதால் உட்பக்கம் எதிர்மின் தன்மை பெறுகிறது. ஓய்வு நிலையில் நாம் கற்பிக்கும் சுமார் -70 மில்லி வோல்ட் மின்னழுத்தத்திற்கு இந்தக் கசிவே பெரும் காரணம்.

சோடியம் அயனிகள் உள்ளே நுழைவது செல்லைத் தூண்டுகிறது. பொட்டாசியம் அயனிகள் வெளியேறுவது அதை அடக்குகிறது. எனவே பொட்டாசியம் கால்வாயை நரம்பு செல்லின் பிரேக் என்று மாணவர்களிடம் சொல்லலாம். கால்வாய்கள் அதிகம் திறந்தால் செல் அமைதியாகும். மூடினால் சிறு தூண்டலுக்கும் துடித்தெழும். அப்படியானால் அந்த பிரேக்கை மிதிப்பதும் விடுவதும் யார்?

பிரேக்கை அழுத்தும் ஏற்பி

1921 இல் ஆட்டோ லோவி ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் அதன் துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தில் இருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்திற்குக் கொடுத்தபோது அதுவும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருளை வெளியிடுகிறது என்பது உறுதியானது. பின்னர் அது அசிட்டைல்கோலின் என்று தெரிந்தது. 1936 இல் ஹென்றி டேலுடன் லோவி நோபல் பரிசு பெற்றார்.

எலும்புத் தசையில் உள்ள அசிட்டைல்கோலின் ஏற்பி தானே ஒரு கால்வாய். அசிட்டைல்கோலின் அமர்ந்ததும் அது திறந்து சோடியத்தை உள்ளே விடுகிறது. தசை சுருங்குகிறது. புகையிலையின் நிக்கோடினும் அதில் ஒட்டும் என்பதால் அதற்கு நிக்கோடினிக் ஏற்பி என்று பெயர்.

இதயத்தில் இருப்பது மஸ்கரினிக் ஏற்பி. ஒருவகை நச்சுக் காளானின் மஸ்கரின் என்ற பொருளால் வந்த பெயர் இது. இந்த ஏற்பிக்குள் கால்வாய் கிடையாது. அதன் உட்பக்கத்தில் ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற மூன்று பகுதிகள் கொண்ட ஜி புரதம் காத்திருக்கிறது. அசிட்டைல்கோலின் வெளியே அமர்ந்ததும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. ஜி புரதத்தின் ஆல்ஃபா பகுதி தன்னிடமிருந்த ஜி.டி.பி.யை விட்டுவிட்டு ஜி.டி.பி.க்குப் பதிலாக ஜி.டி.பி.யைவிட ஒரு பாஸ்பேட் கூடுதலாக உள்ள ஜி.டி.பி. உறவுக்காரரான குவனோசின் டிரைபாஸ்பேட்டை ஏற்கிறது. உடனே ஆல்ஃபா தனியாகவும், பீட்டா-காமா ஒன்றாகவும் பிரிகின்றன. பீட்டா-காமா இணை சவ்வின் உட்புறமாகவே நகர்ந்து பக்கத்திலுள்ள பொட்டாசியம் கால்வாயைத் தொட்டுத் திறக்கிறது. பொட்டாசியம் வெளியேற, இதயத் துடிப்பைத் தொடங்கும் செல்கள் அடுத்த துடிப்பு நிலையை எட்டத் தாமதமாகிறது. சிறிது நேரத்தில் ஆல்ஃபா அந்த டிரைபாஸ்பேட்டைச் சிதைத்துப் பழைய நிலைக்கு வந்து, மீண்டும் பீட்டா-காமாவுடன் சேர்கிறது. கால்வாய் மூடுகிறது.

கால்வாயைத் திறப்பது பீட்டா-காமா இணைதான் என்பதை 1987 இல் டேவிட் கிளாப்ஹாம், ஈவா நீர் உள்ளிட்ட குழுவினர் காட்டினர். இதே குடும்பத்தைச் சேர்ந்த கால்வாய்கள் மூளையின் நரம்பு செல்களிலும் உள்ளன. காபா என்ற நரம்புணர்வு கடத்தியின் ஒருவகை ஏற்பி இவற்றைத் திறந்து செல்லை அமைதிப்படுத்துகிறது. மார்ஃபின் வலியைக் குறைப்பதிலும் இந்தக் கால்வாய்களுக்குப் பங்கு உண்டு.

பிரேக்கை விடுவிக்கும் ஏற்பி

1980 இல் டேவிட் பிரவுன், பால் ஆடம்ஸ் ஆகியோர் தவளையின் பரிவு நரம்புச் செல்திரளில் இதற்கு நேர் எதிரானதைக் கண்டனர். அங்கே மஸ்கரினிக் ஏற்பியில் அசிட்டைல்கோலின் அமர்ந்தால் பொட்டாசியம் கால்வாய்கள் மூடின. அவற்றின் வழியாகச் செல்லும் மின்னோட்டத்திற்கு எம் மின்னோட்டம் என்று பெயரிட்டனர்.

இங்கு வேறு வகை ஜி புரதம் வேலை செய்கிறது. அது சவ்விலுள்ள ஒரு நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி பிப்-2 என்று சுருக்கமாக அழைக்கப்படும் கொழுப்பு மூலக்கூறைச் சிதைக்கிறது. இந்தக் கால்வாய் திறந்திருக்க பிப்-2 அவசியம். அது குறைந்ததும் கால்வாய் மூடிக்கொள்கிறது. பிரேக் விடுபடுகிறது. முன்பு ஒரு தூண்டலுக்கு ஓரிரு முறை மட்டும் மின்துடிப்பு எழுப்பிய செல், இப்போது தொடர்ச்சியாக எழுப்புகிறது.

மாணவியின் கேள்விக்கு இதுதான் விடை. அஞ்சல்காரர் கொண்டுவரும் கடிதம் ஒன்றே. அதைப் படித்து என்ன செய்வது என்பதை அந்தந்த வீடு தீர்மானிக்கிறது.

நினைவும் ஒரு மூடிய கால்வாயும்

ஆசிரியர்களாகிய நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு அப்ளீசியா என்னும் கடல் நத்தை. எரிக் கேண்டல் குழுவினர் அதன் வாலில் மின்னதிர்ச்சி கொடுத்தனர். அதன்பின் லேசாகத் தொட்டாலும் அது செவுள்களை வலுவாக உள்ளிழுத்தது. அதிர்ச்சியின்போது வெளிவரும் செரட்டோனின், உணர்ச்சி நரம்பு செல்லின் ஏற்பியில் அமர்கிறது. செல்லினுள் சுழற்சி ஏ.எம்.பி. பெருகுகிறது. அது ஒரு நொதியைத் தூண்ட, எஸ் வகைப் பொட்டாசியம் கால்வாய் மூடுகிறது. மின்துடிப்பு சற்று நீண்ட நேரம் நீடிக்கிறது. கால்சியம் கூடுதலாக நுழைகிறது. கடத்திப் பொருளும் கூடுதலாக வெளியாகிறது. குறுகிய கால நினைவு என்பது இங்கே சினாப்ஸின் வலிமையில் வந்த மாற்றம். நீண்ட கால நினைவுக்கு இது போதாது. தூண்டல் திரும்பத் திரும்ப வர வேண்டும், மரபணுக்கள் செயல்பட்டுப் புதிய இணைப்புகள் வளர வேண்டும். கேண்டல் 2000 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பிரேக் பழுதானால்

எம் மின்னோட்டக் கால்வாயை உருவாக்கும் இரண்டு மரபணுக்கள் 1998 இல் அடையாளம் காணப்பட்டன. பிறந்த சில நாட்களில் வலிப்பு வந்து, பெரும்பாலும் சில மாதங்களில் நின்றுவிடும் ஒரு பரம்பரை நோய்க்கு இவற்றில் ஏற்படும் மாற்றமே காரணம் என்பதும் அதே ஆண்டில் தெரியவந்தது. எல்லா வலிப்புக்கும் இது காரணமல்ல. ஆனால் வலிப்பு என்பது நரம்பு செல்களின் மின் செயல்பாட்டில் ஏற்படும் கோளாறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று குறைவு.

இதை வகுப்பில் சொல்ல வேண்டிய தேவை இருக்கிறது. வலிப்பு வரும் குழந்தையின் கையில் சாவியைத் திணிப்பதும், மற்ற பிள்ளைகள் விலகி உட்காருவதும் இன்னும் நடக்கின்றன. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தானாகவே நிற்கின்றன. அந்த நேரத்தில் கையில் இரும்பு இருந்ததால் அதற்குப் பெருமை போய்ச் சேர்கிறது. நாம் செய்ய வேண்டியவை எளியவை: குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகிலுள்ள கூரான பொருட்களை அகற்றி, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாயில் எதையும் வைக்கவோ, தண்ணீர் கொடுக்கவோ, கைகால்களை அழுத்திப் பிடிக்கவோ கூடாது. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, மீண்டும் வந்தாலோ 108 ஐ அழைக்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

மேற்பகுதி வெட்டிய ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கம் மூன்று துளைகள் இடுங்கள். இவை பொட்டாசியம் கால்வாய்கள். மேலிருந்து சீராகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். இது உள்ளே வரும் சோடியம். நீர்மட்டம் என்பது மின்னழுத்தம், விளிம்பைத் தாண்டி வழிவது செயல்நிலை மின்னழுத்தம். மூன்று துளைகளும் திறந்திருக்கும்போது தண்ணீர் எளிதில் வழியாது. ஒரு மாணவர் ஏற்பியாக நின்று, ஆசிரியர் தரும் வண்ண அட்டையை வாங்கியதும் களிமண்ணால் துளைகளை அடைக்கட்டும். அதே வேகத்தில் ஊற்றினாலும் இப்போது வழியும். அடுத்த குழுவில் அதே வண்ண அட்டையை வாங்கும் மாணவர் அடைத்த துளைகளைத் திறக்கட்டும். அட்டை ஒன்று, விளைவு இரண்டு என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். உண்மையில் உள்ளே வருவதும் வெளியேறுவதும் வெவ்வேறு அயனிகள் என்பதை மட்டும் முடிவில் நினைவூட்டுங்கள்.