சிதறிய கட்டைகளும் சீரான பெட்டிகளும்

சிறு குழந்தைகள் உள்ள இல்லங்களில் மாலை வேளையில் அடிக்கடி கேட்கும் குரல் ஒன்று உண்டு. அதுதான் “ஐயோ, என் கால்!” என்னும் அலறல். தரையில் கிடக்கும் விளையாட்டுக் கட்டையை ஒருமுறை மிதித்தவர் அந்த வலியை எளிதில் மறக்கமாட்டார்.

எங்கள் தம்பிக்கு வயது ஏழு. வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கி வந்தவையும், வளர்ந்துவிட்ட உறவினர் பிள்ளைகள் கொடுத்தவையுமாக, பத்துக் கிலோ அரிசிப் பைகள் இரண்டு நிறைய லெகோ கட்டைகள் அவனிடம் சேர்ந்துவிட்டன. அவற்றை ஒழுங்குபடுத்தியபோது நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே கூற விரும்புகிறோம்.

டென்மார்க் நாட்டிலுள்ள பில்லுண்ட் என்னும் ஊரில், ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-ஆம் ஆண்டு மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரண்டு டேனியச் சொற்களின் சுருக்கமே லெகோ. மேலே குமிழும் உள்ளே குழாயும் கொண்ட இன்றைய பிளாஸ்டிக் கட்டை 1958-இல் வந்தது. அந்த ஆண்டுக் கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்தும். ஆகவே பழையவை வீணாவதில்லை, குவியல்தான் வளர்கிறது! ஒரே நிறமும் எட்டுக் குமிழ்களும் உடைய ஆறு கட்டைகளை 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். ஆனால் வேண்டிய கட்டை கைக்குக் கிடைத்தால் அல்லவா இணைப்பது?

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், தம்பி வெளியே சென்றிருந்த நேரம் பார்த்து, நாங்கள் எல்லாக் கட்டைகளையும் நிறவாரியாகப் பிரித்து அடுக்கினோம். பார்க்க வானவில் போல் இருந்தது. திரும்பி வந்த தம்பி, “என் தொழுவம் எங்கே?” என்று கேட்டான். குடிலில் பாலன் இயேசுவை வைப்பதற்காக அவன் பாதி கட்டி வைத்திருந்த மாட்டுத் தொழுவத்தையும் நாங்கள் பிரித்துப் போட்டுவிட்டோம்! அவன் அழவில்லை. நான்கு நாட்கள் அந்தப் பெட்டிகளைத் தொடவே இல்லை. அந்த மௌனம் எங்களைச் சுட்டது.

அவனிடம் மன்னிப்புக் கேட்டு, அவனையும் உடன் வைத்துக்கொண்டு மீண்டும் தொடங்கினோம். அப்போதுதான் எங்கள் மற்றொரு பிழையும் புரிந்தது. சிவப்புக் குவியலுக்குள் ஒரு சிறு சிவப்புத் துண்டைக் கண் எளிதில் காணாது. ஆனால் ஒரே வடிவமுள்ள பலநிறக் கட்டைகளுக்கு நடுவே சிவப்பு தானாகவே தெரியும். எனவே பிரிக்க வேண்டியது வடிவத்தால், நிறத்தால் அன்று. அம்மாவின் அஞ்சறைப் பெட்டியைப் பாருங்கள். கடுகும் சீரகமும் அழகுக்காகவா தனித்தனியே இருக்கின்றன? கை உடனே எடுப்பதற்காகத்தானே!

தடித்த கட்டைகள், மெல்லிய தகடுகள், சாய்ந்த கூரைத் துண்டுகள், சக்கரங்கள், கதவு சன்னல்கள், மனித உருவங்கள் என ஆறே பிரிவுகள் வைத்தோம். பிரிவுகள் மிகுந்தால் குழந்தையால் திரும்ப எடுத்து வைக்க முடியாது. பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களே போதும். உள்ளிருப்பது தெரிய, ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம் வரைந்து ஒட்டினோம். கட்டி முடியாத வேலைக்கென்று ஒரு தட்டு தனியே உண்டு. அதை யாரும் தொடக்கூடாது. விளையாடும்போது தரையில் ஒரு பழைய போர்வையை விரிக்கிறோம். முடிந்ததும் நான்கு முனைகளையும் சேர்த்துத் தூக்கினால் ஒரு துண்டும் தவறாது. அழுக்கானவற்றை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் நிறம் மாறும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், சிறு துண்டுகளை எட்டாத உயரத்தில் வைப்பது மிக அவசியம். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கல்வி மேதை மரியா மாண்டிசோரி அம்மையார், 1907-இல் ரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், பொருள்களைக் குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகளில் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். எடுத்ததை எடுத்த இடத்தில் குழந்தையே வைக்க வேண்டும் என்பது அவரது முறை. அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் வாழ்ந்தவர். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் பெரியோரும் கூறினர். ஆனால் வளைப்பதற்கும் ஒடிப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதை நாங்கள் தம்பியிடமிருந்து கற்றோம்.

மூன்று அரசர்கள் திருநாளுக்கு முன்பே புதிய தொழுவம் எழுந்துவிட்டது. கூரையில் நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் கலந்திருந்தன. கதவுத் துண்டை அவன் தேடவே இல்லை. கை நேராக அந்த டப்பாவுக்குச் சென்றது. அன்பான பெற்றோரே, தோழியரே! ஒழுங்கு என்பது வீட்டின் அழகுக்காக மட்டுமன்று. அங்கே வாழும் சிறியவனின் கைகளுக்காகவும்தான். அவனைக் கேட்டு அடுக்குவோம். அவனோடு சேர்ந்து அடுக்குவோம்.