அந்திக்கு ஏறும் காய்ச்சல்

கிருலப்பனையில் கடையிலும் வீட்டிலும் வேலை பார்க்கும் நம்ம பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு, எலிக்காய்ச்சல்தான் பார்ப்பார்கள், அது சரி. அவை இல்லையென்று ஆன பிறகும் தினம் அந்திக்குக் காய்ச்சல் ஏறி, மூட்டுவலி, தொண்டை நோவு, வந்து மறையும் இளஞ்சிவப்புத் தடிப்பு இருந்தால் 'ஸ்டில்' நோயாகவும் இருக்கலாம். வளர்ந்தவர்களுக்கும் இது வருமென்று 1971இல் டொக்டர் பைவாட்டர்ஸ் எழுதினார். இது தொற்றாது.

அபூர்வமாக இருதயத்தைச் சுற்றி நீர் கட்டும், ஈரல் கெடும், இரத்த அணுக்கள் மளமளவென்று குறையும். இந்தக் கடைசி ஒன்று உயிருக்கே ஆபத்து. விட்டுவிட்டு வந்த காய்ச்சல் விடாமல் அடித்தால், மூச்சு வாங்கினால், கண் மஞ்சளித்தால், இரத்தம் கசிந்தால் உடனே களுபோவிலவுக்கோ பெரியாஸ்பத்திரிக்கோ போகச் சொல்லுங்க. டொக்டர் கொடுத்த மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. லீவில் தோட்டத்துக்கு வரும்போது ஆஸ்பத்திரித் துண்டுகளையும் கையோடு கொண்டு வரட்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.