ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்காதீர்கள்

போன சித்திரையில் கோவில்பட்டியிலிருந்து அண்ணன் மகன் போன் செய்தான். டைடல் பார்க்கில் வேலை கிடைத்திருக்கிறது. "சித்தப்பா, எந்த ஏரியாவுல வீடு பாக்கட்டும்?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து விழுந்தன. ஓ.எம்.ஆரில் ஒரு அடுக்குமாடி, பதினோராவது மாடி. நீச்சல் குளம், ஜிம், பால்கனியில் நின்றால் தூரத்தில் ஒரு கோடு மாதிரி கடல்.

"நல்லாத்தான் இருக்கு. தண்ணி எங்கேருந்து வருது?"

"அதெல்லாம் வரும் சித்தப்பா."

சென்னைக்கு வந்த புதிதில் நானும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இருபது வருஷத்தில் ஏழு வீடு மாறியாகிவிட்டது. அதில் ஒரு வீடு என்னை நன்றாகவே ஏமாற்றியது. முடிச்சூர் பக்கம், தரைத்தளம். அதைப் பார்க்கப் போனது 2014 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு. தெருவில் ஈ காக்கை இல்லை. வேப்பமரத்துக் காற்று. புது டைல்ஸ். பின்பக்கம் கிணற்றில் கைக்கு எட்டுகிற உயரத்தில் தண்ணீர். தாம்பரம் ரயிலடிக்கு பைக்கில் பத்து நிமிஷம் என்றார் புரோக்கர். அன்றைக்கு ஓட்டிப் பார்த்தேன், பத்து நிமிஷம்தான் ஆனது. அதே தூரத்துக்குத் திங்கள் காலை எட்டரை மணிக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆகும் என்பது குடிபோன பிறகுதான் தெரிந்தது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. காலி காஸ் சிலிண்டர் மிதந்து போய் பாத்ரூம் கதவில் இடித்துக்கொண்டிருந்த சத்தம் இப்போதும் சில மழை ராத்திரிகளில் கேட்கிற மாதிரி இருக்கும். இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்தோம். வீட்டைக் காலி செய்தபோது பெயிண்டிங் காசு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார் ஹவுஸ் ஓனர். வெள்ளம் போட்ட கறைக்கு நான் பணம் கட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தால், கடுங்கோடையில் கிணறு கைக்கெட்டும் உயரத்துக்கு நிறைந்திருந்ததே, அது ஒன்றே போதும். பள்ளத்தில்தான் தண்ணீர் அப்படி நிற்கும். அன்றைக்கு அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

சென்னையில் வீடு தேடுகிறவர்கள் பெட்ரூம் எத்தனை, வாடகை எவ்வளவு என்று ஆரம்பிக்கிறார்கள். நான் கடைசியில்தான் அங்கே வருவேன். முதலில் தண்ணீர், அடுத்து ரயில். இந்த இரண்டும் அமைந்துவிட்டால் வீடு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஓடிவிடும்.

தண்ணீர் என்றால் இரண்டும்தான்: வேண்டாதபோது வருவது, வேண்டும்போது வராதது. இந்த ஊர் பாதி ஏரிகளின் மேல் எழும்பியிருக்கிறது. மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். ஏரி போய் ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு மட்டும் அதே பேரில் இருக்கிறது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி நிலத்தில்தான். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று வாய் நிறையச் சொல்கிறோமே, தாங்கல் என்றால் சின்ன ஏரி. பேரை மட்டும் வைத்து ஒரு ஊரைத் தள்ளிவிட வேண்டியதில்லை, கேள்வி கேட்க ஆரம்பிப்பதற்கு அது போதும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறியது, உலகமே பெருமையாகப் பேசியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தச் சதுப்பைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்குப் படகில் சாப்பாடு போனது.

யாரைக் கேட்பது? புரோக்கரை அல்ல, ஓனரையும் அல்ல. அண்ணன் மகனோடு வேளச்சேரியில் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். புரோக்கர் சாவி வாங்கப் போன நேரத்தில் தெருமுனை இஸ்திரி வண்டியிடம் இவனைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"அண்ணே, மழைக்கு இங்க தண்ணி நிக்குமா?"

அவர் கரிப்பெட்டியைச் சட்டைக் காலரில் ஓட்டியபடியே சொன்னார்: "நிக்குமான்னு கேக்காத தம்பி. எவ்ளோ நிக்கும்னு கேளு." பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தான் துணி தேய்க்கும் பலகையைக் கையால் தட்டினார். "பதினஞ்சுல இது வரைக்கும். இப்ப வந்த புயலுக்கு ஒரு சாண் கம்மி." நாங்கள் நகரும்போது எதிர் வீட்டைக் காட்டி, "கரண்டு பொட்டிய எங்க மாட்டியிருக்காங்க பாரு" என்றார். மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கும் மேலே, எம்பினாலும் எட்டாத இடத்தில் இருந்தது. அடுத்த வீட்டிலும் அப்படியே. தெருவே கையை உயர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள்தான் டைல்ஸைப் பார்க்க வந்திருந்தோம்.

இன்னொன்றையும் வாசலிலேயே பார்த்துவிடலாம். ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படி ஏறுகிறதா, இறங்குகிறதா? பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பழைய வீடுகள் அப்படியே இருந்த இடத்தில் இருக்கின்றன. இறங்கிப் போகிற வீட்டுக்கு அரைமணி மழை போதும்.

இனி வறட்சிக்கு வருவோம். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஓ.எம்.ஆரில் சில கம்பெனிகள் ஆபீசுக்கு வராதீர்கள், வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றன. வீட்டிலும் தண்ணீர் இல்லை என்பது வேறு விஷயம். அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் பல இன்றைக்கும் லாரியை நம்பித்தான் இருக்கின்றன. அந்த லாரிக் காசு வாடகையில் வராது, மெயின்டெனன்ஸ் என்ற பேரில் வரும். கோடை வந்தால் அது ஏறும். ஆகவே வாடகை எவ்வளவு என்று கேட்டவுடன், போன மே மாதம் மெயின்டெனன்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.

போர்வெல் தண்ணீர் என்றால் பாத்ரூமுக்குப் போய் ஷவரைப் பாருங்கள். துளைகள் பாதி அடைத்து வெள்ளை பூத்திருந்தால் உப்பு. பக்கெட்டின் அடியில் செம்பட்டை படிந்திருந்தால் இரும்பு. என் வீட்டுக்காரிக்கு இந்தப் பரிசோதனையெல்லாம் தேவையில்லை. பக்கத்து போர்ஷன் பெண்ணிடம், "துவரம்பருப்பு எத்தனை விசில்ல வேகுது?" என்று ஒரே கேள்வி கேட்பாள். ஆறு விசில் என்று பதில் வந்தால், அவள் முகத்தைப் பார்த்து நான் செருப்பை மாட்டிக்கொள்வேன்.

அடுத்து ரயில். ஆபீஸ் எங்கே இருக்கிறதோ அதன் பக்கத்தில் வீடு பார்ப்பது எல்லோரும் செய்வது. ஆபீஸ் எந்தத் தடத்தில் இருக்கிறதோ அந்தத் தடத்தில் பார்ப்பதுதான் சரி. ஓ.எம்.ஆரில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு அந்த ஐந்து கிலோமீட்டர் உயிரை எடுத்துவிடும். டைடல் பார்க்குக்குத் திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மந்தைவெளியில் ஏறினால் கிரீன்வேஸ் ரோடு, கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், அடுத்தது இறங்க வேண்டியதுதான். ஆபீஸ் கிண்டியில் என்றால் கடற்கரை–தாம்பரம் தடம். 1931-லிருந்து மின்சார ரயில் ஓடும் பாதை அது. சைதாப்பேட்டையோ குரோம்பேட்டையோ, ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு போர்ஷன் கிடைத்தால் யோசிக்காதீர்கள். ஒன்று மட்டும், பறக்கும் ரயில் நிலையங்கள் சில ராத்திரி ஒன்பதுக்கு மேல் வெறிச்சோடிக் கிடக்கும். பெண் பிள்ளைகளுக்கு வீடு பார்க்கிறவர்கள் அந்த நேரத்தில் ஒருமுறை படியிறங்கிப் பாருங்கள்.

பெரம்பூர், அயனாவரம் என்று சொன்னால் தென்சென்னைக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். "வடசென்னையா?" என்ற அந்த இழுவை இருக்கிறதே, அதற்காகவே மாதம் சில ஆயிரங்களைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1955-ல் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை வந்ததற்கு முன்பிருந்தே பெரம்பூர் ரயில்வே குடும்பங்களின் ஊர். ரயில் உண்டு, பெசன்ட் நகர் வரைக்கும் போகிற 29சி பஸ் உண்டு, மார்க்கெட் உண்டு. அதே வாடகைக்கு ஒரு ரூம் கூடுதலாகவும் கிடைக்கும். வடசென்னையின் இன்னொரு பக்கம் மெட்ரோவும் 2021-லிருந்து விம்கோ நகர் வரை போகிறது. தெரு தெருவாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், அது அடையாறுக்கும் பொருந்தும்.

ஒரு கசப்பான விஷயம். ஏரியாவை நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், பல இடங்களில் ஏரியாதான் நம்மைத் தேர்ந்தெடுக்கிறது. "பேமிலிக்கு மட்டும்", "சைவம் மட்டும்" என்று போர்டிலேயே எழுதியிருப்பது ஒரு விதத்தில் தேவலை, பஸ் காசு மிச்சம். எழுதாமல் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். என்னோடு வேலை பார்த்த முஸ்லிம் நண்பர் ஒருவருக்கு, போனில் பேர் சொன்ன அடுத்த நொடி வீடு "நேத்தே போயிடுச்சு" ஆகிவிடும். அப்புறம் நான் கூப்பிட்டால் அதே வீடு காலியாக இருக்கும். ஒரு முறை அல்ல, மூன்று முறை.

அட்வான்ஸ் விவகாரம் சுருக்கமாக. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "இல்லாவிட்டால்" வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் உள்ளே நுழைகிறது. பேரம் பேசுங்கள், எழுத்தில் வாங்குங்கள், பெயிண்டிங் காசு எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். கரண்டுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா என்று கேளுங்கள். சப் மீட்டர் என்றால் அரசு தரும் 100 யூனிட் இலவசம் பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது.

அண்ணன் மகன் கடைசியில் மந்தைவெளியில் இரண்டாவது மாடி போர்ஷன் ஒன்றை எடுத்தான். லிஃப்ட் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் கடல் இல்லை, பக்கத்து வீட்டுச் சுவர்தான். பருப்பு மூன்று விசிலில் வேகிறது. வீட்டைப் பார்த்தது செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு. அங்கிருந்தே ரயிலேறி ஆபீஸ் வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தான்.

இந்த வருஷம் வீடு மாறப் போகிறவர்கள் முடிந்தால் கார்த்திகை வரை பொறுங்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, டு-லெட் போர்டில் இருக்கும் எண்ணுக்குப் போன் போடுவதற்கு முன்னால், கையோடு இரண்டு சட்டை எடுத்துப் போய் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்துவிட்டு, தேய்த்து முடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.