வேலியில் விளைந்த வைட்டமின்

இரண்டாவது உலகப் போரின்போது பிரிட்டனுக்கு ஆரஞ்சு வரத்துக் குறைந்தது. குழந்தைகளுக்கு வைட்டமின் 'சி' கிடைக்காது என்ற கவலை எழுந்தது. எனவே 1941-ஆம் ஆண்டு முதல், வேலிகளில் தானே வளரும் காட்டு ரோஜாவின் பழங்களைச் சேகரிக்க அரசு ஏற்பாடு செய்தது. ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் 'சி' இப்பழத்தில் உண்டு. இதன் செந்நிறத்துக்குக் காரணமான கரோட்டின் வகைச் சத்துகளும் நன்மை தருபவையே.

பக்குவம் தவறினால் வைட்டமின் வீணாகும். அரைத்து வைத்தால் காற்றுப் பட்டுக் குறைந்துவிடும். ஆகவே அரைத்த கையோடு கொதிநீரில் இட்டனர். விதையை ஒட்டிய சுணை தொண்டையை அரிக்கும் என்பதால், சாற்றைத் துணியில் நன்கு வடிகட்டி, சர்க்கரை சேர்த்துப் பாகாக்கினர்.

நம் நெல்லிக்காயிலும் இருப்பது இதே வைட்டமின்தான். செம்பு பட்டால் அது விரைவில் அழியும். நெல்லிச் சாறு எடுப்போர் செம்பு, பித்தளைப் பாத்திரங்களைத் தவிர்ப்பது நல்லது.