எடின்பரோ... நடந்தா அது உங்க ஊர்!

மாஸ்டர்ஸ் படிக்க வெளிநாடு கிளம்பியாச்சு. விசா, ஃப்ளைட் டிக்கெட், பருப்புப் பொடி, குட்டி குக்கர் எல்லாம் ரெடி. சரி, போய் இறங்கின பிறகு?

ரூம், க்ளாஸ், பார்ட் டைம் வேலை, மறுபடியும் ரூம். பல பேருக்கு வெளிநாட்டு வாழ்க்கை இந்த முக்கோணத்துக்குள்ளேயே முடிஞ்சுபோகுது. பிரிட்டனில் மாஸ்டர்ஸ் பெரும்பாலும் ஒரே வருஷம்தான். கண் மூடித் திறப்பதற்குள் பட்டத்தோடு திரும்பிடுவீங்க. "ஊர் எப்படிடா இருந்துச்சு?" என்று சித்தப்பா கேட்டால், சூப்பர் மார்க்கெட்டில் அரிசி விலை மட்டும்தான் ஞாபகம் வரும். அதைவிடக் கொடுமை, முதல் சில மாதங்களில் வீட்டு நினைப்பு ஆளையே தின்னும். ரூமுக்குள் உட்கார உட்கார அது கூடத்தான் செய்யும்.

இதுக்கு செலவில்லாத ஒரு வைத்தியம் உண்டு. ஷூவை மாட்டுங்க, நடங்க! உதாரணத்துக்கு ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவை எடுத்துக்குவோம்.

மேப்பை மட்டும் நம்பாதீங்க!

ஊரின் முதுகெலும்பு 'ராயல் மைல்'. மேற்கே குன்றின் மேல் கோட்டை, கிழக்கே ஹோலிரூட் அரண்மனை. இரண்டையும் இணைக்கும் இறக்கமான தெரு இது. இதன் இருபக்கமும் விலா எலும்பு மாதிரி சின்னச் சின்ன சந்துகள் பிரியும். 'க்ளோஸ்' என்பார்கள். சிலவற்றில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் ஒதுங்கி வழிவிடணும். உள்ளே நுழைந்தால் திடீரென ஒரு முற்றம், ஒரு படிக்கட்டு, ஒரு தோட்டம்!

மேப்பில் ஒரு வேடிக்கை இருக்கு. நான்காம் ஜார்ஜ் பாலமும் கௌகேட் தெருவும் வெட்டிக்கொள்கிற மாதிரி தெரியும். நேரில் போனால் ஒன்று உச்சியில், இன்னொன்று பாதாளத்தில்! படி தேடித்தான் இறங்கணும். பஸ்ஸில் போகிறவருக்கு இந்த ஊர் மாடி மேல் மாடியாகக் கட்டியது என்பதே தெரியாது. 22 வயது ஆகாதவர்களுக்கு 2022 முதல் ஸ்காட்லாந்தில் பஸ் இலவசம்தான். அதற்கான அட்டையை வாங்கி வெச்சுக்கோங்க, மழை நாளுக்கு ஆகும்.

பாடப் புத்தகம் பக்கத்துத் தெருவில்!

நீங்க காமர்ஸா, எக்கனாமிக்ஸா? ராயல் மைலின் கீழ்க் கோடியில் கேனன்கேட் சர்ச் வளாகத்தில்தான் ஆடம் ஸ்மித் துயில்கிறார். எலெக்ட்ரானிக்ஸ் மாணவரா? செமஸ்டர்தோறும் மிரட்டிய மேக்ஸ்வெல் சமன்பாடுகள் நினைவிருக்கா? அந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1831-ல் பிறந்த வீடு, நியூ டவுன் பகுதியில் 14-ம் எண். தெருவின் பெயர் என்ன தெரியுமா? இந்தியா ஸ்ட்ரீட்!

மருத்துவம் படிக்க 1825-ல் இங்கே வந்த சார்லஸ் டார்வின், மயக்க மருந்து இல்லாத அந்தக்கால ஆபரேஷனைப் பார்க்கச் சகிக்காமல் 1827-ல் படிப்பை விட்டுட்டுப் போனார். அதே ஊரில் குயின் ஸ்ட்ரீட் 52-ம் எண் வீட்டில், 1847-ல் குளோரோஃபார்மின் மயக்கும் சக்தியைக் கண்டவர் ஜேம்ஸ் சிம்சன். இருபது வருஷ இடைவெளி!

கால் இன்னும் தெம்பா இருந்தால் 'ஆர்தர்ஸ் சீட்' ஏறுங்க. உயரம் 251 மீட்டர். திருச்சி மலைக்கோட்டையைப் போல மூன்று மடங்கு. பல கோடி வருஷத்துக்கு முன் அணைந்துபோன எரிமலை இது. உச்சியில் நின்றால் உங்க ஹாஸ்டல், லைப்ரரி, கடல் எல்லாம் ஒரே பார்வையில். "அட, நம்ம உலகம் இவ்வளவு சின்னதா?" என்று தோன்றும். முக்கோணம் அங்கேதான் உடையும்.

மதுரைக்கு வந்த எடின்பரோக்காரர்

ராயல் மைலில் 'ஜேம்ஸ் கோர்ட்' என்று ஒரு முற்றம். 1880-களில் அழுக்கும் நெரிசலுமாகக் கிடந்த இந்த இடத்தில், வேண்டுமென்றே மனைவியோடு குடியேறினார் பேட்ரிக் கெட்டிஸ். உயிரியல்காரர், பிறகு நகரமைப்பு நிபுணர். வெள்ளையடித்து, செடி வைத்து, பழைய வீடுகளைச் செப்பனிட்டு மாணவர்களுக்கு விடுதியும் தொடங்கினார்.

1914-ல் மெட்ராஸ் கவர்னர் பென்ட்லண்ட் இவரை அழைத்தார். கண்காட்சிக்காக இவர் சேர்த்த வரைபடங்கள் கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை மூழ்கடித்தது யார்? மெட்ராஸில் குண்டு போட்ட அதே எம்டன்! "ஆளு சரியான எம்டன்பா" என்கிறோமே, அதேதான். கெட்டிஸ் அசரவில்லை. புதிதாகச் சேர்த்து 1915-ல் மெட்ராஸில் கண்காட்சியை நடத்திக் காட்டினார். மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி அறிக்கை எழுதினார்.

அவர் முறை ரொம்ப எளிமை. ஒரு ஊருக்கு யோசனை சொல்வதற்கு முன் அதைத் தெருத் தெருவாக நடந்து பார். மொத்தமாக இடிக்காதே, அவசியமான ஒன்றிரண்டை மட்டும் எடு. எடின்பரோ சந்தில் கற்ற பாடம், நம்ம ஊர்ச் சந்துகளுக்கு உதவியது. இப்போது நீங்க அவர் ஊரில் நடக்கிறீங்க!

கிளம்பும் முன்...

* டிசம்பரில் மாலை நாலு மணிக்குள் இருட்டிடும். ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம். அதற்கேற்ப பிளான் போடுங்க.
* குடை வேண்டாம், காற்று பிய்த்துவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும்.
* கல் பாவிய தெருக்கள் நனைந்தால் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம்.
* தனியாக மலை ஏறினால் ரூம்மேட்டிடம் சொல்லிட்டுப் போங்க. இருட்டில் வேண்டவே வேண்டாம்.
* தேசிய அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் கிடையாது. குளிர் தாங்கலைன்னா உள்ளே போயிடுங்க!
* ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மதியம் ஒரு மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும். பயப்படாதீங்க, லீத் துறைமுகக் கப்பல்களுக்கு மணி சொல்ல 1861-ல் தொடங்கிய வழக்கம் அது.

வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், இதுவரை நுழையாத ஒரு சந்து. இவ்வளவுதான் கணக்கு. மூன்றாவது வாரம் யாராவது உங்களிடமே வழி கேட்பாங்க. நீங்களும் தயங்காமல் சொல்வீங்க. அன்றைக்குத்தான் நீங்க அந்த ஊர்க்காரர்.

இன்னும் விசா வரலையா? காத்திருக்க வேண்டாம். கெட்டிஸ் நடந்த மதுரையும் தஞ்சாவூரும் இங்கேதானே இருக்கு. ஒத்திகையை இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிங்க!