செஞ்சி மலை ஏறப் போறீங்களா?

சனிக்கிழமை ராத்திரி சோறு கட்டிக்கொண்டு வேனில் கிளம்பி, வண்டியிலேயே படுத்து, ஞாயிறு காலையில் செஞ்சிக் கோட்டை ஏற நினைக்கிறீர்களா? நல்ல யோசனை. திண்டிவனத்திலிருந்து சுமார் 28 கிலோமீட்டர்தான். 2025-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை; பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேணும்.

ஆனால் ராஜகிரி சுமார் 800 அடி உயரம். ஆறு நாள் நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு, அரைத் தூக்கத்தோடு அதை ஒரே மூச்சில் ஏறலாமா? பி.பி., சர்க்கரை இருந்தால் முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

காலையில் இரண்டு இட்லி போதும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் உட்காருங்கள். உச்சி வெயிலுக்கு முன் இறங்கிவிடுங்கள். முழங்காலுக்குத் தொல்லை இறங்கும்போதுதான், மெதுவாக இறங்குங்கள்.

நெஞ்சு அழுத்துகிறதா? இடது கையோ தாடையோ வலிக்கிறதா? குப்பென்று வியர்க்கிறதா? “வாயுதான், சுக்குக் கஷாயம் குடிச்சா சரியாயிடும்” என்பீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: அந்த நேரத்தில் கஷாயம் வேண்டாம். ஏறுவதை நிறுத்தி, உட்கார்ந்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மலை அடுத்த ஞாயிறும் அங்கேயேதான் இருக்கும். வீட்டுப் பெரியவர் பத்திரமாகத் திரும்பணும், அதுதான் முக்கியம்.